சிராங்கூன் சாலைக்கு அடியில் ஓர் ஊக்கு

எங்கள் அலுவலகத்தில் காலாவதியாகாத பாஸ்போர்ட் வைத்திருந்தது நான் ஒருத்திதான். சிங்கப்பூருக்கு என்னை அனுப்பியதற்கு வேறு காரணங்களும் சொன்னார்கள். முதல் காரணம் அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

எங்கள் நகரத்தின் குடிநீர்ப் பிரிவில் நான் உதவிப் பொறியாளர். கடைவீதிக்கு அடியில் பெரிய இரும்புக் குழாய் ஒன்று போகிறது. ஆள் குனிந்து நடக்கலாம், அவ்வளவு அகலம். நான் பிறப்பதற்கு முன்பே புதைத்தது. நகரத்தில் பாதிப் பேர் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். இப்போது அது மாதத்துக்கு ஓர் இடத்தில் ஒழுகுகிறது. மாற்ற வேண்டுமென்றால் கடைவீதியை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பிளக்க வேண்டும். பிளந்தால் எப்போது மூடுவோம் என்று எங்களுக்கே தெரியாது. கடைக்காரர்களுக்கும் அது தெரியும்.

இன்னொரு வழி உண்டு. தெருவைத் தோண்டாமல், பிசின் ஊறிய நீளமான துணி உறை ஒன்றைக் குழாய்க்குள் செலுத்தி, அதை உள்ளேயே கெட்டியாக்கிவிடுவது. பழைய குழாய்க்குள் புதிய குழாய். காணொளிகளில் பார்த்திருக்கிறேன். காணொளியில் எல்லாம் நன்றாகத்தான் நடக்கும்.

"ஒரு வாரம் போய்ப் பாத்துட்டு வாங்கம்மா. நம்ம ஊருக்கு இது சரிப்படுமா, படாதா? ஒரே ஒரு வரி எழுதுங்க. அந்த வரிய வெச்சுத்தான் ஃபைல் மேல போகும்" என்றார் எங்கள் செயற்பொறியாளர்.

அந்த ஒரு வரி விமானத்தில் ஏறும்போதே என் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. இன்னொரு மடி இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏனென்றால் மித்ராவும் மடியில்தான் இருந்தாள். என் மகளுக்கு ஒரு வயது நான்கு மாதம். அவளை விட்டுவிட்டுப் போவதா, கூட்டிக்கொண்டு போவதா என்று பத்து நாள் குழம்பினேன். கடைசியில் புக்கிட் பாத்தோக்கில் இருக்கும் என் கணவரின் அக்கா, "பிள்ளையத் தூக்கிட்டு வா கவி. நான் லீவு போட்டுப் பாத்துக்கிறேன்" என்று முடித்துவைத்தார். நான் அவரை அண்ணி என்று அழைப்பேன். சிங்கப்பூருக்கு வந்து பதினைந்து வருடமாகிறது. அந்த ஊர் 'லா'வும் பேச்சில் ஒட்டிக்கொண்டுவிட்டது. எதற்கும் பதற மாட்டார். அதனாலேயே அவரிடம் குழந்தையை விடலாமா என்றும் எனக்கு யோசனை இருந்தது.

வந்து இறங்கிய அன்று மாலை பெட்டியைத் திறந்ததும் நான் முதலில் எடுத்து வைத்தது மின்சாரக் கெட்டில்.

"இது எதுக்கு?"

"மித்ராவுக்குக் கொதிக்க வெச்ச தண்ணிதான் அண்ணி."

"இங்க எல்லாரும் குழாய்த் தண்ணிதான் லா குடிக்கிறோம். என் ரெண்டு பிள்ளைங்களும் அதக் குடிச்சுத்தான் பனைமரமா வளந்து நிக்குதுங்க."

"தெரியும் அண்ணி. இருந்தாலும்..."

"குழாயப் பாக்கவே பிளேன் ஏறி வந்திருக்க. குழாய்த் தண்ணிய நம்ப மாட்டேங்கிற!"

சிரித்தேன். கெட்டிலைச் செருகினேன்.

மறுநாள் காலை முதல் தவறு. நிலையத்தில் இரண்டு பக்கமும் ரயில் வந்து நின்றது. கதவு மூடப்போகும் ஓசை கேட்டதும் பக்கத்தில் நின்றதில் பாய்ந்து ஏறினேன். நாலைந்து நிலையம் கடந்த பிறகுதான் பெயர்கள் எதுவும் அண்ணி எழுதிக் கொடுத்த சீட்டில் இல்லை என்று கவனித்தேன். எதிரே தமிழ்ச் செய்தித்தாளை நான்காக மடித்துப் படித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன்.

"லிட்டில் இந்தியாவா? நீங்க எதிர்ப்பக்கம் ஏறிட்டீங்கம்மா. இது வடக்க சுத்திப் போகும்."

"ஐயோ. இறங்கிடவா?"

"இறங்கித் திரும்பி ஏறினாலும் அதே நேரம்தான் லா. உக்காருங்க. நியூட்டன்ல இறங்கி மாறிக்கிடலாம். சுத்திப் போனாலும் போய்ச் சேந்துரும்."

உட்கார்ந்தேன். அடுக்கு வீடுகள், மரங்கள், மறுபடியும் அடுக்கு வீடுகள். ஒவ்வொரு சன்னலிலும் மூங்கில் கழியில் துணி காய்ந்தது. எங்கள் ஊரில் தவறான பேருந்தில் ஏறினால் நடத்துனர் முதல் பின் இருக்கை வரை எல்லோரும் நம்மைத் திட்டிய பிறகுதான் வழி சொல்வார்கள். இங்கே யாரும் திட்டவில்லை. அது எனக்கு இன்னும் கூச்சமாக இருந்தது.

முக்கால் மணி நேரம் தாமதமாகப் போய் நின்றேன். சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் கிளைத் தெரு அது. ஒரு பக்கம் நகைக்கடைகள், மறுபக்கம் மாலை கட்டும் கடை. வேலையிடம் எங்கே என்று தேடினேன். கண் முன்னால்தான் இருந்தது. தெருவின் இந்த முனையில் ஒரு குழி, வேலி போட்டு. சுமார் நூறு மீட்டர் தள்ளி அந்த முனையில் இன்னொரு குழி. நடுவில் தெரு தெருவாகவே இருந்தது. கார் போனது, பூ விற்றது, சைக்கிளில் ஒருவர் வாழையிலைக் கட்டு கொண்டுபோனார். நடைபாதை மறிக்கப்பட்ட இடத்தில் கைப்பிடியோடு மாற்றுப்பாதை போட்டு, சக்கர நாற்காலிக்குச் சரிவும் வைத்திருந்தார்கள். எங்கள் கடைவீதியில் பள்ளத்தின் மேல் கடைக்காரர் போட்டுக்கொள்ளும் பலகை நினைவுக்கு வந்தது. அதன் மேல் என் அம்மாவை நான் கை பிடித்துக் கடத்தியிருக்கிறேன். அந்தப் பள்ளம் நாங்கள் தோண்டியதுதான்.

"மிஸஸ் கவிதாவா? வாங்க வாங்க. தே குடிச்சீங்களா?"

கேட்டவர் ராஜன், மேற்பார்வையாளர். டீயைத்தான் அங்கே 'தே' என்பார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்தவர், ஐம்பதைத் தாண்டியிருக்கலாம். வெயிலில் கறுத்த கழுத்தும் மடிப்புக் கலையாத சட்டையுமாக இருந்தார். என் தாமதத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் பலகையில் என் பெயருக்கு நேரே நான் வந்த நேரத்தை நிமிடம் பிசகாமல் எழுதினார்.

அன்று முழுவதும் அவர் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். பழைய குழாயின் துரு முழுவதும் சுரண்டிக் கழுவியாகிவிட்டது. நாளை கடைசிப் பார்வை. நாளை மறுநாள் உறை வரும்.

"குழாய எடுக்கலம்மா. அதுக்குச் சட்டை போட்டு விடுறோம். நாம வெளிய போடுவோம், இது உள்ளுக்குப் போடுது. அவ்வளவுதான்."

பிசின் ஊறிய உறை தொழிற்சாலையிலிருந்து குளிர்பதன லாரியில் வருமாம். குளிரில் இருக்கும் வரை அது தூங்கும். வெளியே எடுத்துவிட்டால் கெட்டியாகத் தொடங்கும். அதன் பிறகு யாருக்காகவும் காத்திருக்காது. குழந்தைக்குக் கஞ்சி ஆற்றியவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகப் புரியும்.

மதியம் பக்கத்தில் இருந்த தேக்கா சந்தையில் சாப்பிட்டோம். மீன் வெட்டும் பக்கத்தில் தரை ஈரம். சாப்பாட்டுக் கடைகளின் பக்கம் மேசைக்குச் சண்டை. 'புட்டு மாயம்' என்று எழுதியிருந்ததைக் கேட்டேன். இடியாப்பம் வந்தது, தேங்காய்ப்பூவும் பழுப்புச் சர்க்கரையும் போட்டு. நன்றாக இருந்ததால் சண்டை போடவில்லை. மித்ரா சாப்பிட்டாளா என்று அண்ணிக்கு மூன்று முறை செய்தி அனுப்பினேன். மூன்றாவதற்கு அண்ணி, வாயெல்லாம் சோறுடன் மித்ரா சிரிக்கும் படத்தை அனுப்பி, கீழே 'வேலையப் பார்' என்று எழுதியிருந்தார்.

மூன்றாம் நாள் குழாய்க்குள் போனேன்.

போவதற்கு முன் நடந்ததைத்தான் முதலில் சொல்ல வேண்டும். குழியின் ஓரத்தில் கொக்கிகள் அடித்த பலகை. உள்ளே போகும் ஒவ்வொருவருக்கும் எண் பொறித்த வில்லை ஒன்று. மாட்டினால் உள்ளே, எடுத்தால் வெளியே. கருவிகளும் அப்படியே. எத்தனை தூரிகை, எத்தனை விளக்கு, எத்தனை கையுறை எல்லாம் தாளில் ஏறும். வெளியே வரும்போது ஒவ்வொன்றாக அடிக்கப்படும். பாதுகாப்பு அதிகாரி மிஸ் டான், உயரம் குறைந்த சீனப் பெண், உள்ளே காற்றைச் சோதித்துவிட்டு என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: "மூச்சு முட்டினால் உடனே சொல்லுங்கள். தைரியசாலியாக இருக்க வேண்டாம். எனக்கு வேலை வைப்பதே தைரியசாலிகள்தான்."

அந்தப் பட்டியலைப் படித்துச் சரிபார்ப்பவர் முருகேசன். அறந்தாங்கிப் பக்கம். பத்து வருடமாக இங்கே குழாய் வேலை. என்னை முதலில் மேடம் என்றார். நான் எந்த மாவட்டம் என்று தெரிந்ததும் அக்கா ஆக்கிவிட்டார், என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருந்தும்.

"கைப்பேசி?"

கொடுத்தேன்.

"வாட்ச்? வளையல்? தோடு? சாவி? சில்லறை? பேனா?"

எல்லாம் தட்டில் வைத்தேன்.

"கழுத்துல செயின் எதுவும்..."

"தாலி" என்றேன்.

முருகேசன் உடனே பார்வையைத் தாளுக்குக் கொண்டுபோனார். "சரிக்கா, அது இருக்கட்டும். ஜிப்ப மேல வரைக்கும் இழுத்து விட்டுக்குங்க."

உள்ளே போகிறவர்களுக்கென்று கொடுத்திருந்த, கழுத்து முதல் கால் வரை மூடும் முழுச்சட்டையின் ஜிப்பை இழுத்து விட்டுக்கொண்டேன். வேறு எதுவும் இல்லையே என்று கேட்டார். இல்லை என்றேன். பொய் சொல்லும் எண்ணமே எனக்கு இல்லை. தாலிச் சங்கிலியில் மூன்று ஊக்குகள் தொங்கின. துப்பட்டா கழன்றால் ஒன்று, மித்ராவின் கழுத்துத் துணிக்கு ஒன்று, இருக்கட்டும் என்று ஒன்று. என் அம்மாவுக்கும் தொங்கும், எங்கள் அலுவலகத் தட்டச்சருக்கும் தொங்கும். ஊக்கு ஒரு பொருள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அது நான்தான்.

குழாய்க்குள் குனிந்து நடந்தோம். முன்னால் முருகேசன், நடுவில் நான், பின்னால் இன்னொருவர். சுவரில் பத்து மீட்டருக்கு ஓர் எண் சுண்ணாம்புக் கட்டியால் எழுதியிருந்தது. பற்றவைத்த தடங்களைத் தவிர எங்கும் பிசிறு இல்லை. தலைக்கு மேலே பேருந்து போவது வயிற்றில் கேட்டது. இத்தனை சனங்கள் மேலே தோசையும் காப்பியுமாக நடந்துகொண்டிருக்க, அவர்களுக்குத் தெரியாமல் அவர்களுடைய தண்ணீர்ப் பாதையை இத்தனை சுத்தமாகத் துடைத்து வைத்திருக்கிறார்களே என்று சுவரை ஒருமுறை தடவிப் பார்த்தேன். புழுக்கமாக இருந்தது. நாலாம் எண்ணுக்குப் பக்கத்தில் ஜிப்பை ஒரு சாண் கீழே இழுத்து, கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டேன்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு மித்ராவைத் தூக்கப் போனேன். தூக்குவதற்கு முன் ஊக்குகளை எண்ணுவது என் வழக்கம். அவளுக்கு என் சங்கிலியோடு விளையாடப் பிடிக்கும். திறந்துகொண்டால் என்னாவது என்று தினமும் எண்ணுவேன்.

இரண்டு இருந்தன.

முதலில் அவள் வாயைத்தான் திறந்து பார்த்தேன். விரலை விட்டுத் துழாவினேன். கடித்தாள். கட்டில், பாய், குளியலறை எல்லாம் தேடினேன்.

"ஊக்க முழுங்கின பிள்ளையா இப்படி மூணாவது சப்பாத்தி கேக்குது?" என்றார் அண்ணி. "நீ வர்றதுக்கு முன்னாடி இருந்து அது என் இடுப்புலதான் இருக்கு. எங்கயாச்சும் விழுந்திருக்கும், விடு."

எங்கே என்பது அப்போதுதான் உறைத்தது. காலையில் வேலையிடத்து அறையில் முழுச்சட்டையை மாட்டும்போது மூன்றும் இருந்தன. சங்கிலியை உள்ளே தள்ளியபோது கையில் பட்டது எனக்கு நினைவிருக்கிறது.

"ஒரு ஊக்கு கவி! அதுக்குப் போய் போன் பண்ணினா சிரிப்பாங்க லா."

ராஜனின் எண்ணுக்குச் செய்தி எழுதினேன். அழித்தேன். விருந்தாளியாகப் போய் இப்படிச் செய்துவிட்டு அதை எப்படிச் சொல்வது? எங்கள் அலுவலகத்துக்குத் தெரிந்தால்? நான் எழுதப்போகும் அந்த ஒரு வரியை யார் மதிப்பார்கள்? ஒருவேளை அந்த முழுச்சட்டையிலேயே சிக்கியிருக்கலாம். ஒருவேளை ரயிலில் விழுந்திருக்கலாம். மறுபடி எழுதினேன். மறுபடி அழித்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் ஊரில் ஒரு வால்வை மாற்றினோம். மூன்று நாள் தண்ணீர் கலங்கலாக வந்தது. திறந்து பார்த்தால் உள்ளே ஒரு சாக்கு. விசாரணை நடந்தது. அன்று வேலையில் இருந்த ஒருவரும் வாய் திறக்கவில்லை. மேற்பார்வைக்கு நின்றவள் நான். யார் உள்ளே வைத்து எடுக்க மறந்தார் என்று எனக்குத் தெரியும். இரண்டு பெண்பிள்ளைகள் இருக்கிற மனுசன், வேலை போய்விடும் என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன். அப்போது மித்ரா என் வயிற்றில் இருந்தாள். அந்தக் கலங்கல் தண்ணீரை நானும்தான் குடித்தேன். கொதிக்க வைத்து.

நான்காம் நாள் காலை போனபோது குளிர்பதன லாரி வந்து நின்றிருந்தது. குழியின் மேல் இரும்புச் சாரம் எழும்பியிருந்தது. முருகேசன் கையை ஆட்டினார்.

"வாங்கக்கா! இன்னிக்குத்தான் நம்ம திருவிழா!"

நான் நேராக ராஜனிடம் போனேன். வழியெல்லாம் கோர்த்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் மறந்துபோயின.

"சார், என் ஊக்கு ஒண்ணு காணோம்."

"ஊக்கா?"

"சேஃப்டி பின். நேத்து உள்ள போறப்ப தாலியில மாட்டியிருந்தேன். உள்ள விழுந்திருக்கலாம். விழாமலும் இருக்கலாம். தெரியல."

அவர் சிரிக்கவில்லை. திரும்பி லாரிப் பக்கம் கையை உயர்த்தினார். "கதவு திறந்தாச்சா?"

"இல்லண்ணே. இப்பத்தான்..."

"திறக்காத. எல்லாரும் நில்லுங்க."

எல்லாரும் நின்றார்கள். இத்தனை பேரை நான் ஒரு ஊக்கால் நிறுத்தியதை நம்ப முடியவில்லை. முருகேசனின் முகம்தான் முதலில் மாறியது. "நான்தான அக்கா செக் பண்ணேன்" என்றார் மெதுவாக.

"நீங்க கேட்டீங்க. நான்தான் இல்லன்னு சொன்னேன்."

"தாலின்னதும் இவன் வாய மூடிக்கிட்டிருப்பான். அதுல என்ன தொங்குதுன்னு ஒரு பொம்பளகிட்ட எப்படிக் கேக்குறதுன்னு. நானா இருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்" என்றார் ராஜன். "யார் தப்புன்னு அப்புறம் பேசலாம். எந்த சைஸ்? மூடியிருந்துச்சா? ஜிப்ப எங்கயாவது திறந்தீங்களா?"

நாலாம் எண்ணைச் சொன்னேன். மிஸ் டான் குறித்துக்கொண்டார். நேற்று போட்ட முழுச்சட்டை இன்னும் வெளுக்கப் போகவில்லை. அதை உள்வெளியாகத் திருப்பி உதறினார்கள். அறையைக் கூட்டினார்கள். இல்லை.

"காந்தம் விட்டுப் பாக்கலாமே சார்" என்றேன். உதவியாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று.

முருகேசன் அவ்வளவு கவலையிலும் சிரித்துவிட்டார். "குழாயே இரும்புதானக்கா. காந்தம் ஊக்க விட்டுட்டுக் குழாயப் புடிச்சுக்கிடும்!"

மறுபடி காற்றுச் சோதனை, மறுபடி வில்லை, மறுபடி பட்டியல். முருகேசனும் இன்னொருவரும் இறங்கினார்கள். விளக்கைத் தரையோடு தரையாகப் பிடிப்பார்களாம். சின்னக் குண்டூசிக்கும் அப்போது நீளமாக நிழல் விழும்.

ராஜன் என் பக்கத்தில் வந்து நின்றார். "ராத்திரியே சொல்லியிருந்தீங்கன்னா ஆறு மணிக்கே வந்து பாத்திருப்போம் லா. லாரிய நிக்க வெச்சிருக்க வேணாம்." அவ்வளவுதான் சொன்னார். "போய் ஒரு தே குடிச்சிட்டு வாங்க. நீங்க இங்க நின்னா ஊக்கு சீக்கிரம் வராது."

எதிர்க்கடையில் தே வாங்கினேன். குடிக்க முடியவில்லை. நடைபாதையில் கழுத்தில் அடையாள அட்டை தொங்க இரண்டு பேர் ஆங்கிலத்தில் அலுத்துக்கொண்டு போனார்கள்: "காலையிலிருந்து ஒரு பக்கத் தெருவை அடைத்து வைத்திருக்கிறார்கள். பத்துப் பேர் சும்மா நிற்கிறார்கள். என்ன வேலையோ." மாலை கட்டும் அம்மாவும் எட்டிப் பார்த்துக் கேட்டார், "என்ன தங்கச்சி, தங்கம் ஏதும் தொலைஞ்சிருச்சா?"

"ஊக்கு" என்றேன்.

அவர் தம் சங்கிலியில் தொங்கிய நான்கைந்தைத் தூக்கிக் காட்டினார். "இங்க வந்து ஒண்ணு கேட்டிருந்தா சும்மாவே குடுத்திருப்பேனே!"

ராஜனின் கையில் இருந்த வாக்கி-டாக்கி கரகரத்துக்கொண்டே இருந்தது. மூணுல இல்ல. மூணரையில இல்ல. நாலுல இல்ல. ரயிலில்தான் விழுந்திருக்கும் என்று நினைத்தேன். பிறகு, கிடைக்காவிட்டால் இவர்கள் இன்னும் எவ்வளவு நேரம் தேடுவார்கள் என்று நினைத்தேன். பிறகு, சொல்லியிருக்கக் கூடாதோ என்றும் நினைத்தேன். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

"இருக்குண்ணே." முருகேசனின் குரல். "நாலு தாண்டி, வெல்டு ஓரத்துல. வாயத் திறந்துட்டுக் கிடக்கு."

மேலே வந்ததும் மிஸ் டான் அதைச் சின்ன நெகிழிப் பையில் போட்டு மூடினார். என்ன பொருள், எந்த இடம், யார் எடுத்தது, எத்தனை மணி என்று சீட்டில் எழுதி ஒட்டினார். முனை நிமிர்ந்து, திறந்துதான் இருந்தது.

"இதால ஏதாவது ஆகியிருக்குமா சார்?" என்று கேட்டேன்.

"ஆகியிருக்கலாம். ஒண்ணும் ஆகாமலும் இருந்திருக்கலாம். உறையக் குத்தியிருந்தா ஒழுகும், குத்தலன்னா அதுபாட்டுக்குக் கிடக்கும்" என்றார் ராஜன். "ஆனா இத மூடினா இனி என் பேரன் காலத்துலதான் திறப்பாங்க. தெரியாத ஒண்ண உள்ள வெச்சு மூட மாட்டோம்மா."

பிறகு லாரிக் கதவு திறந்தது.

அதற்குப் பின் நடந்ததை என்னால் சரியாகச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. மித்ராவின் காலுறையைத் துவைத்த பிறகு உள்ளே கை விட்டு விரல் நுனியைப் பிடித்து இழுத்துத் திருப்புவேன். அதைப் போலவே, ஆனால் தெரு நீளத்துக்கு. உறையின் வாயை மேலே சாரத்தில் வளையமாகக் கட்டி, தண்ணீரை விட்டார்கள். தண்ணீரின் பாரம் உறையை உள்வெளியாகத் திருப்பிக்கொண்டே குழாய்க்குள் தள்ளியது. பிசின் பக்கம் குழாயின் சுவரில் போய் ஒட்டிக்கொள்ள, வழவழப்பான பக்கம் தண்ணீருக்கு வந்தது. யாரும் கத்தவில்லை. ராஜன் ஒரு விரலைக் காட்டினால் மெதுவாக, இரண்டு விரலைக் காட்டினால் நிறுத்து. அந்தப் பெரிய மலைப்பாம்பு ஒரு தெருவின் கீழே நகர்ந்து போவது மேலே நகைக்கடையில் தாலிக்கொடி பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தெரியாது. அந்த முனையில் உறையின் தலை எட்டிப் பார்த்ததும் நான் மட்டும் கை தட்டினேன். பிறகு வெட்கமாகப் போய்விட்டது.

உள்ளே இருந்த தண்ணீரைச் சூடாக்கிச் சுற்ற விட்டார்கள். அந்தச் சூட்டில் பிசின் இறுகும். நான் கெட்டிலை நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் முனைகளை வெட்டித் திறந்து, கேமராவை உள்ளே விட்டார்கள். திரையில் பார்த்தேன். புத்தம் புதுக் குழாய். துரு இல்லை, தடம் இல்லை. நாலாம் எண் இருந்த இடம் எது என்றுகூடத் தெரியவில்லை.

அன்று மதியம் தேக்காவில் எல்லோரும் பிரியாணி. முருகேசன் என் இலையைக் காட்டி, "அக்கா, சோத்துல ஊக்கு ஏதும் விழுந்திருந்தா இப்பவே சொல்லிருங்க" என்றார். மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் முந்தின நாளிலிருந்து நான் ஒன்றுக்காகக் காத்திருந்தேன். அது நடக்கவில்லை. கை கழுவும் இடத்தில் முருகேசனிடம் கேட்டேன்.

"அண்ணே, ராஜன் சார் உங்களத் திட்டினாரா?"

"திட்டினா அடுத்த தடவ எவன் வந்து சொல்லுவான்? திட்டல." கையை உதறினார். "ஆனா ஒரு வாரத்துக்கு, காலையில அந்த லிஸ்ட்ட எல்லாருக்கும் நான்தான் நின்னு வாசிக்கணும். புதுசா ஒரு வரி வேற ஏத்தியிருக்கு. அதுக்குத் திட்டே தேவலக்கா."

திரும்பி வந்து பலகையில் ஒட்டியிருந்த பட்டியலைப் பார்த்தேன். பேனா, சில்லறை, தோடு எல்லாவற்றுக்கும் கீழே, ஆங்கிலத்தில் ஒரு வரி, பக்கத்தில் ராஜனின் கையெழுத்தில் தமிழில்: ஊக்கு (தாலி, வளையல் பார்க்கவும்). அந்தப் பையை நான் வைத்துக்கொள்ளலாமா என்று மிஸ் டானிடம் கேட்டேன். படம் எடுத்துவிட்டதால் தரலாம் என்றார். "நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது" என்றும் சொன்னார். பாராட்டா, எச்சரிக்கையா என்று இன்னும் யோசிக்கிறேன்.

கிளம்பும் நாள். விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனைக்கு முன் மித்ராவுக்குத் தாகம். கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர்க் குடுவை அண்ணியின் சமையலறை மேடையிலேயே நின்றுவிட்டது. அவள் அழுத அழுகையில் ஒரு வரிசையே திரும்பிப் பார்த்தது. சுவரோரம் குடிநீர்க் குழாய். அதன் முன்னால் எத்தனை நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. பிறகு அவளுடைய கிண்ணத்தை நீட்டிப் பிடித்து, முதலில் நான் குடித்தேன், பிறகு அவள். இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு ஏப்பம் விட்டாள். விமானத்தில் நாலு மணி நேரமும் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒன்றும் ஆகவில்லை.

அலுவலகத்தில் சேர்ந்த அன்றே அறிக்கையைக் கொடுத்தேன். செயற்பொறியாளர் கடைசிப் பக்கத்துக்குப் போனார். அங்கே ஒரே வரிதான்: 'சரிப்படும், உள்ளே போனதெல்லாம் வெளியே வந்தது என்று நாம் சொல்ல முடியுமானால்.' அதன் கீழே நெகிழிப் பையைப் பிணைத்திருந்தேன்.

"ஃபைல்ல ஊக்கு எல்லாம் வைக்கலாமாம்மா?"

நடந்ததைச் சொன்னேன். முழுவதும். ரயில் மாறி ஏறியது முதல் லாரி நின்றது வரை. அவர் பையை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

"அங்க செய்வாங்க. நம்ம ஆளுங்க? சாக்க உள்ள விட்டுட்டுப் பேசாம நின்னவங்கம்மா இவங்க."

"அன்னிக்குப் பேசாம நின்னவங்கள்ல நானும் ஒருத்தி சார்."

அவர் நிமிர்ந்தார்.

"யாருன்னு எனக்குத் தெரியும். நான் பேர் சொல்லப் போறதில்ல. திட்ட மாட்டீங்க, வேலைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நீங்க சொன்னா அவரே வந்து சொல்லுவார்."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவர் பையை மேசை மேல் வைத்தார், ஊக்கின் முனை அந்தப் பக்கம் பார்க்க. அறிக்கையை முதல் பக்கத்திலிருந்து மறுபடி புரட்டினார். அதிகமாகப் பேசிவிட்டேனோ என்று நினைக்கத் தொடங்கியிருந்தேன்.

"வரச் சொல்லுங்க" என்றார். நான் கதவைத் தொட்டபோது மறுபடி கூப்பிட்டார். "டீயும் சொல்லிட்டுப் போங்கம்மா. மூணு."